கூறு போட்டவள்

காசிமேட்டில் சில்லறை வியாபாரம் செய்யும் பெண்கள் தனியாக ஏலம் எடுப்பது அபூர்வம். ஒரு பெட்டி வஞ்சிரத்தை ஒருத்தியால் எடுக்க முடியாது, எடுத்தாலும் வெயில் ஏறுவதற்குள் விற்க முடியாது. அதனால் நாலைந்து பேர் கூட்டுச் சேர்ந்து, அதில் குரல் பெருத்தவள் ஒருத்தியை முன்னால் விட்டு ஏலம் கேட்பார்கள். மீன் கைக்கு வந்ததும் ஓரமாகச் சாக்கை விரித்துக் கூறு போடுவார்கள். இதற்கு இரண்டே சட்டம். கூட்டில் சேர்ந்தவள் கூறு போட்டு முடிக்கும்வரை எழுந்து போகக் கூடாது. கூறு போடுகிறவள் எல்லாரும் எடுத்த பிறகு மிஞ்சுவதைத்தான் எடுக்க வேண்டும். இந்தச் சட்டத்தை மீறியவள்மேல் யாரும் போலீசுக்குப் போனதில்லை. மறுநாள் அவளைக் கூட்டில் சேர்க்க மாட்டார்கள், அவ்வளவுதான்.

வினிதா முன்னால் நின்று ஏலம் கேட்கிறவள். கூறு போடுகிறவளும் அவளேதான். அவள் போட்ட கூறில் ஒருத்தியும் குறை சொன்னதில்லை. எண்ணூர் நெடுஞ்சாலைப் பக்கம், கடலரிப்புக்காகக் கொட்டிய கருங்கல்லுக்கும் கண்டெய்னர் லாரிகளின் புழுதிக்கும் நடுவில் நசுங்கிக் கிடக்கும் ஒரு குப்பத்தில் பிறந்தவள். சுனாமி வந்தபோது பத்தாவது படித்துக்கொண்டிருந்தாள். அரையாண்டுப் பரீட்சை முடிந்து லீவு விட்டிருந்த சமயம். வீட்டோடு புத்தகங்களும் போயின. பள்ளிக்கூடத்தில் வீடு இழந்தவர்களைத் தங்க வைத்தார்கள்; அவளும் தன் வகுப்பறையிலேயே படுத்தாள். பிறகு தகர ஷெட்டுக்கு மாற்றினார்கள். பள்ளிக்கூடம் திரும்பத் திறந்தபோது அவளுடைய அம்மா ஒரு கூடையை அவளிடம் கொடுத்துவிட்டாள். அப்பாவுக்குப் படகு இல்லை, வலை இல்லை, யாரைக் குற்றம் சொல்ல.

அவள் ஒன்றும் பெரிய படிப்பாளி இல்லை. தமிழ் நன்றாக வரும், கணக்கு சுமார், இங்கிலீஷ் சுமாருக்கும் கீழே. ஆனாலும் பத்தாவதைப் பாதியில் விட்டது அவளை விடவில்லை. மீன்பிடித் தடைக்காலத்தில் இறால் உரிக்கும் கம்பெனிக்குக் கூலிக்குப் போவாள். அங்கே வெள்ளைக் கோட்டுப் போட்டு நாற்காலியில் உட்கார்ந்து மேற்பார்வை பார்த்தவள் அவளோடு ஒரே பெஞ்சில் இருந்த பெண். பத்தாவது பாஸ், அந்த ஒரு தகுதிதான். ஐஸ் தண்ணீரில் விரல் விறைக்க விறைக்க வினிதா அந்த நாற்காலியைப் பார்த்துக்கொண்டே இறால் உரித்தாள். எழுதியிருந்தால் பாஸ் பண்ணியிருப்போம் என்று அவளுக்குத் தெரியும். அது தெரிந்ததுதான் தொல்லை.

அவள் ஜெயிலுக்குப் போன கதை சின்னது. புருஷன் ஜெகதீசன் லாஞ்சில் மீன்பிடிக்கப் போகிறவன், கரையில் இருக்கிற நாளெல்லாம் குடிக்கிறவன். ஒருநாள் அவள் முடியைப் பிடித்து ரோட்டுக்கு இழுத்து வந்தான். பலநாள் நடக்கிறதுதான். அன்றைக்கு அவள் தள்ளினாள். கருங்கல்லில் பின்மண்டை பட்டு விழுந்தவன் எழுந்திருக்கவில்லை. பார்த்துக்கொண்டிருந்தவர்கள் அத்தனை பேரும் சாட்சி சொல்லும்போது அவள் தள்ளியதை மட்டும் பார்த்ததாகச் சொன்னார்கள். ஏழு வருஷம் போட்டார்கள். பிள்ளை குட்டி இல்லாதது ஒருவிதத்தில் நல்லதாகப் போயிற்று என்று அண்ணி செல்லம்மா சொன்னாள். அந்தச் செல்லம்மா ஒருத்திதான் மாதம் தவறாமல் மனுப்போட்டு வந்து பார்த்தாள்.

ஜெயிலில் ஆண்கள் பக்கம் எல்லாம் உண்டு. பத்தாவது, பன்னிரண்டாவது, தபால் வழியில் பட்டப்படிப்பு, லைப்ரரி, பரீட்சை எழுதத் தனிக்கூடம். அங்கே யாராவது நல்ல மார்க் வாங்கினால் சால்வை போட்டுப் போட்டோ எடுப்பார்கள். பெண்கள் பக்கம் தையல் உண்டு, பினாயில் காய்ச்சுவது உண்டு, அழகுக்கலைப் பயிற்சி உண்டு. புருவம் திருத்தக் கற்றுக்கொடுக்க நூல் வரும். படிக்கப் புத்தகம் வராது. கேட்டால், இருப்பதே கொஞ்சம் பேர், இதில் யார் படிக்கப் போகிறார்கள் என்பார்கள். கேட்டுப் பார்த்தால்தானே தெரியும். யாரும் கேட்கவில்லை.

வினிதா கேட்டாள். பெண்கள் பக்கத்துக்குப் பொறுப்பான ஜெயிலர் மேடம் கெட்டவர் இல்லை. கெட்டவராக இருந்திருந்தால் திட்டித் துரத்தியிருப்பார், கதையும் அங்கேயே முடிந்திருக்கும். நல்லவராகப் போனதால் ஒரு வழி சொன்னார். பத்துப் பேர் சேர்ந்தால் மேலே எழுதி வகுப்புக்கு அனுமதி வாங்கலாம், வாரத்துக்கு இரண்டு நாள் ஆசிரியரை வரவழைக்கலாம், பரீட்சைக்கு இங்கேயே இடம் போடலாம். பத்துக்கு ஒன்று குறைந்தாலும் ஒன்றும் நடக்காது, ஆண்கள் பக்கம் கூட்டிப்போகக் காவலுக்கு ஆள் இல்லை.

வினிதாவுக்குச் சிரிப்பு வந்தது. இது ஏலம்தானே. ஒருத்தியால் எடுக்க முடியாததைப் பத்துப் பேர் சேர்ந்து எடுப்பது. இருபது வயதிலிருந்து செய்கிற வேலை.

முதல் வருஷம் எட்டுப் பேரோடு நின்றது. இரண்டாவது வருஷம் பத்து சேர்ந்து, அனுமதி வந்து, வகுப்பும் ஆரம்பித்து, கிறிஸ்துமஸுக்கு முன்னால் ஒரே வாரத்தில் மூன்று பேருக்கு ஜாமீன் கிடைத்தது. தண்டனைக் கைதிகள் குறைவு என்பதால் விசாரணைக் கைதிகளையும் சேர்த்துக்கொள்ள மேடம் கண்ணை மூடிக்கொண்டிருந்தார். விசாரணைக் கைதி என்றால் இன்று இருப்பாள், நாளை போவாள். அந்த மூன்று பேரும் மூட்டையைக் கட்டிக்கொண்டு அழுதபடி விடைபெற்றபோது மொத்த பிளாக்கும் கும்பிட்டு அனுப்பியது. வினிதா மட்டும் சுவரைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்திருந்தாள். விடுதலையாகிப் போகிறவர்கள்மேல் வயிறெரிய ஒரு இடம் பழக்கிவிடும் என்றால் அது என்ன இடம் என்று யோசித்துக்கொள்ளுங்கள். மறுவாரமே வகுப்பை நிறுத்தினார்கள்.

மூன்றாவது வருஷம் அவள் கெட்டியாகிவிட்டாள். ஆளைச் சேர்க்கும்போதே ஏலச் சட்டத்தைச் சொன்னாள். கூட்டில் சேர்ந்தால் கூறு போடும்வரை எழுந்து போகக் கூடாது. நான் கூறு போடுகிறவள், எனக்குக் கடைசிதான், உங்களையெல்லாம் பாஸ் ஆக்கிவிட்டுத்தான் எனக்கு. பெண்கள் சிரித்தார்கள், ஆனாலும் சேர்ந்தார்கள். தயங்கியவர்களுக்கு ஞாயிற்றுக்கிழமைக் கறியைக் கொடுத்தாள். ஒருத்திக்குத் துணி துவைத்தாள், ஒருத்திக்குப் பேன் பார்த்தாள். ஒன்பது சேர்ந்தது. பத்தாவது ஆள் கிடைக்காமல் அக்டோபர் வந்துவிட்டது.

அப்போதுதான் ஜீனத் உள்ளே வந்தாள். தண்டையார்பேட்டைக்காரி. புருஷன் திருட்டு செல்போன்களை வீட்டில் அடுக்கி வைத்துவிட்டு, போலீஸ் வந்த அன்று ஓடிவிட்டான். பொருள் வீட்டில் இருந்தது, வீட்டில் இவள் இருந்தாள், இவளைக் கூட்டி வந்துவிட்டார்கள். வெளியே இரண்டு பிள்ளைகள். பெரியவள் ஆஃபியா பதினைந்து வயது, சின்னவன் ஒவைஸ் ஆறு வயது. ஜீனத்தின் அண்ணன் சௌக்கத் அலி அரிசி பருப்பு வாங்கிப் போடுவார், மாடி அறையில் பிள்ளைகள் தனியாகத்தான் படுத்தன. ஆஃபியா அந்த வருஷம் பத்தாவது. முதல் நாளே அழுதுகொண்டே இதைச் சொன்னாள் ஜீனத். பாழாய்ப்போன வினிதாவின் காதில் விழுந்ததெல்லாம் பத்தாவது என்ற சொல் ஒன்றுதான்.

"உன் மவ அங்க எய்துவா, நீ இங்க எய்து. ரெண்டு பேரும் ஒரே நாள்ல, ஒரே கேள்வி. வெளிய போயி மார்க் ஷீட்ட அவ கைல குடுத்து, நானும் பாஸுடின்னு சொல்லு," என்றாள் வினிதா.

ஜீனத் ஏழாவது வரைக்கும்தான் படித்தவள், எட்டாவதுக்குத் தனியாகப் பரீட்சை எழுதி வைத்திருந்தாள். படிப்பில் ஆசை என்று பெரிதாக ஒன்றும் இல்லை. ஆனால் மகளோடு ஒரே கேள்வித்தாள் என்றது அவள் மனசில் ஒட்டிக்கொண்டது. பத்து ஆயிற்று.

ஆசிரியராக வந்தவர் ஆன்றோ சார். ராயபுரத்துக்காரர், ஓய்வு பெற்றவர், சம்பளம் வாங்காமல் வந்தவர். வாரத்துக்கு இரண்டு நாள் என்று பேர். கேட்டில் காக்கவைத்துக் காக்கவைத்து உள்ளே விடுவதற்குள் பாதி நேரம் போய்விடும். சில நாள் கேட்டிலேயே திருப்பி அனுப்பிவிடுவார்கள், யாரோ பெரிய ஆள் பார்வையிட வருகிறார் என்பார்கள். அவர் கொண்டுவந்த புத்தகங்களில் இருந்த பின்களை எல்லாம் பிடுங்கிவிட்டுத்தான் உள்ளே கொடுத்தார்கள். பின் ஆயுதமாம். அறிவியலும் சமூக அறிவியலும் தாள் தாளாகக் கலந்து ஒரு கட்டாக வந்து சேர்ந்தன. ஜீனத் தையல் கூடத்திலிருந்து நூல் வாங்கி, பக்க எண் பார்த்து அடுக்கி, பத்துப் பேருடைய புத்தகங்களையும் உட்கார்ந்து தைத்தாள். அவ்வளவு அழகாகத் தைத்திருந்தாள். வினிதா தன் புத்தகத்தின் முதுகைத் தடவிப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

ஜாமெட்ரி பாக்ஸ் கேட்டைத் தாண்டவே இல்லை. காம்பஸ் முனை கூர்மை, டிவைடர் இரண்டு முனையும் கூர்மை. ஆன்றோ சார் எழுதிக் கொடுத்துப் பார்த்தார், கெஞ்சிப் பார்த்தார். கடைசியில் டம்ளரைக் கவிழ்த்து வட்டம் போடச் சொன்னார். டம்ளர் வட்டத்துக்கு நடுப்புள்ளி எங்கே என்று யாருக்குத் தெரியும். வடிவியல் கேள்வியை விட்டுவிட்டு மற்றதில் மார்க் தேற்றிக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டு அவர் கரும்பலகைப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

பொங்கலுக்கு முன்னால் ஜீனத்துக்கு ஜாமீன் உத்தரவு வந்தது. இலவச சட்ட உதவி வக்கீல் வாங்கிக் கொடுத்தார், அதோடு அவர் கடமை முடிந்தது. உத்தரவு வந்தால் மட்டும் போதாது. இரண்டு பேர் ஜாமீன் கையெழுத்துப் போட வேண்டும்; அவர்கள் பேரில் வீட்டு வரி ரசீதாவது இருக்க வேண்டும். சௌக்கத் அலி வாடகை வீட்டுக்காரர். மற்ற சொந்தக்காரர்கள் ஜெயில் என்றதும் போனை எடுப்பதையே விட்டுவிட்டார்கள். இப்படி உத்தரவைக் கையில் வைத்துக்கொண்டு கையெழுத்துக்கு ஆள் இல்லாமல் மாதக்கணக்கில் உள்ளே கிடக்கிற பெண்கள் எத்தனையோ பேர். ஜீனத் வினிதாவிடம் வந்தாள்.

"உங்க குப்பத்துல யாராவது போடுவாங்களாக்கா? நான் ஓடிப் போறவ இல்ல. எங்கன்னு ஓடப் போறேன், புள்ளைங்கள வுட்டுட்டு."

வினிதா கேட்டுப் பார்ப்பதாகச் சொன்னாள். கேட்கவும் செய்தாள், அதில் பொய் இல்லை. அடுத்த தடவை மனுப்போட்டு வந்த செல்லம்மாவிடம் சொன்னாள். செல்லம்மா ஒரே வாரத்தில் திரும்பி வந்துவிட்டாள். சுனாமிக் குடியிருப்பில் வீடு வாங்கிய மணி என்பவரும், மனோகரன் என்ற பெரியவரும் கையெழுத்துப் போடச் சம்மதித்திருந்தார்கள். அந்தக் குப்பத்து ஆட்கள் அப்படித்தான், வினிதா சொல்கிற ஆள் என்றால் போதும். எந்தத் தேதிக்கு கோர்ட்டுக்கு வர வேண்டும் என்று மட்டும் சொல்லச் சொன்னாள் செல்லம்மா.

கம்பி வலைக்கு இந்தப் பக்கம் வினிதா விரல் மடக்கி எண்ணினாள். ஜீனத் போனால் ஒன்பது. ஒன்பது என்றால் வகுப்பு நின்றுவிடும், பரீட்சைக்கு இடம் போட மாட்டார்கள், அடுத்த வருஷம் என்பார்கள். அடுத்த வருஷம் இந்தப் பத்துப் பேரில் யார் இருப்பார்கள். வெளியே போய் எழுதலாமே என்றால், வெளியே போனால் முதல் நாளே கூடையைத் தூக்கியாக வேண்டும் என்று அவளுக்குத் தெரியும். படிக்க நேரம் கொடுத்த ஒரே இடம் இந்தப் பாழும் ஜெயில்தான்.

"பரீட்சை முடியட்டும் அண்ணி. அப்பால பாத்துக்கலாம்," என்றாள்.

"அந்தப் பொண்ணுக்கு ரெண்டு புள்ளைங்க கீதுன்னு சொன்னியேடி."

"மூணு மாசம்தானே. கூட்டுல சேந்தவ கூறு போடாம எப்டி எந்திரிச்சிப் போவா?"

செல்லம்மாவுக்கு அது நியாயமாகவே பட்டது. அவளும் காசிமேட்டுக்காரிதானே. சரி என்று எழுந்து போய்விட்டாள்.

சந்தைச் சட்டத்தைக் கொண்டுபோய் ஜெயிலில் மாட்டியதுதான் வினிதா செய்த தப்பு. மீன் பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவளுக்கு ஒருமணி நேரம் போகும், விலை கொஞ்சம் இறங்கும். அதற்கு மேல் நஷ்டம் இல்லை. ஜெயிலில் உட்கார்ந்திருப்பவளுக்கு என்னென்ன போகும் என்பதை அவள் கணக்குப் பார்க்கவில்லை. பார்க்க விரும்பவில்லை என்பதே சரி. அரசாங்கத்துக்கு இதில் ஒரு பாவமும் இல்லை. பத்து என்று ஒரு எண்ணைச் சொன்னதோடு அவர்கள் வேலை முடிந்தது. மீதிப் பாவத்தை இந்தப் பெண்கள் தங்களுக்குள் பங்கு போட்டுக்கொண்டார்கள்.

ஜீனத் ஒவ்வொரு வாரமும் கேட்டாள். ஆள் கிடைக்கவில்லை என்று வினிதா ஒவ்வொரு வாரமும் சொன்னாள். முதல்முறை முகத்தைப் பார்க்காமல் சொன்னாள். போகப்போகச் சரளமாக வந்தது. அந்தக் குறையைச் சரிக்கட்டுவதுபோல ஜீனத்துக்குத் தன் முட்டையைக் கொடுத்தாள், கணக்கைத் திரும்பத் திரும்பச் சொல்லிக் கொடுத்தாள். ஜீனத்துக்கு அவள்மேல் நன்றி கூடிக்கொண்டே போனது. அதைப் பார்க்கிறபோதுதான் வினிதாவுக்கு எரிச்சலாக இருக்கும்.

பிப்ரவரி கடைசியில் ஜீனத் பக்கத்து வீட்டுக்குப் போன் பேசிவிட்டு வந்து சுவரோரம் உட்கார்ந்துவிட்டாள். ஒவைஸுக்கு மஞ்சள்காமாலையாம். கண்ணெல்லாம் மஞ்சளாம், சோறு இறங்கவில்லையாம். அண்ணன் வேலைக்குப் போய்விடுகிறார், ஆஃபியாதான் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு அலைகிறாள். லாக்கப் மணி அடிக்கும்வரை ஜீனத் அழுதாள். வினிதா பக்கத்தில் உட்கார்ந்து முதுகைத் தடவிக் கொடுத்தாள். அப்போது சொல்லியிருக்கலாம். நாளைக்கே செல்லம்மாவுக்குப் போன் போட்டிருந்தால் வாரம் முடிவதற்குள் ஜீனத் வீட்டில் இருந்திருப்பாள். சொல் நாக்கு நுனி வரைக்கும் வந்தது. ஹால் டிக்கெட் வந்துவிட்டது என்று அன்று காலையில்தான் மேடம் சொல்லியிருந்தார்.

"அழுவாத. ஆஃபியா பாத்துப்பா. பெரிய பொண்ணுதானே," என்றாள் வினிதா.

பத்துப் பேரும் பரீட்சை எழுதினார்கள். கணக்குப் பரீட்சையன்றைக்கு ஆன்றோ சார் கேட்டில் ஜாமெட்ரி பாக்ஸோடு நின்றாராம், விடவில்லை. கடைசித் தாள் முடிந்த அன்றே வினிதா செல்லம்மாவுக்குப் போன் போட்டாள். மணியும் மனோகரனும் கோர்ட்டுக்கு வந்து கையெழுத்துப் போட்டார்கள். ஏப்ரல் முடிவதற்குள் ஜீனத் வெளியே போனாள். போகும்போது வினிதாவைக் கட்டிக்கொண்டு, கூடப் பிறந்தவள்கூட இப்படிச் செய்ய மாட்டாள் என்றாள்.

நாலு பேர் பாஸ். வினிதா பாஸ். ஜீனத்துக்கு இரண்டு பாடம்தான் தேறியது. பெண்கள் பக்கத்தில் முதல்முறை என்பதால் கேக் வெட்டினார்கள், போட்டோ எடுத்தார்கள். மேடம் வினிதாவைத் தனியாகப் பாராட்டிப் பேசினார். நாலு பெண்கள் மனம் வைத்தால் எதையும் சாதிக்கலாம் என்றார். அவர் உண்மையாகவே சந்தோஷப்பட்டார், பாவம்.

அடுத்த வருஷம் நன்னடத்தைக்குக் கழித்தது போக மிச்சத்தை முடித்து வினிதா வெளியே வந்தாள். மார்க் ஷீட்டை எடுத்துக்கொண்டு நேராக இறால் கம்பெனிக்குப் போனாள். வெள்ளைக் கோட்டு நாற்காலிக்கு ஆள் எடுத்துக்கொண்டுதான் இருந்தார்கள். மார்க் ஷீட்டைப் பார்த்தார்கள், தலையாட்டினார்கள், வருஷத்தைப் பார்த்தார்கள், இத்தனை வயதில் எங்கே எழுதினீர்கள் என்று கேட்டார்கள். சொன்னாள். போலீசிடம் நன்னடத்தைச் சான்று வாங்கி வரச் சொன்னார்கள். அது கிடைக்காது என்று கேட்டவருக்கும் தெரியும், நின்றவளுக்கும் தெரியும். உரிக்கிற வேலைக்கு எந்தச் சான்றும் வேண்டாம், நாளைக்கே வரலாம் என்று பெருந்தன்மையாகச் சொன்னார்கள். அவள் கூடையை எடுத்துக்கொண்டு காசிமேட்டுக்கே போனாள்.

ஆனாலும் பாஸ் பாஸ்தானே. அதை யாரிடமாவது காட்டாமல் அவளுக்கு இருப்புக் கொள்ளவில்லை. அண்ணன் வாங்கிப் பார்த்துவிட்டு டிவி மேல் வைத்தான். செல்லம்மாவுக்குப் படிக்கத் தெரியாது. அந்தப் புத்தகங்களைத் தைத்தவள் ஒருத்திதான் இதன் அருமை தெரிந்தவள் என்று தோன்றியது. மூன்று மாசம்தானே, அதுவும் முடிந்த கதை, கடைசியில் ஜாமீனும் நம்மால்தானே கிடைத்தது என்று மனசைச் சமாதானப்படுத்திக்கொண்டு, ஒரு நடுத்தர வஞ்சிரத்தைத் துண்டு போட்டுப் பையில் வைத்துக்கொண்டு, மார்க் ஷீட்டையும் எடுத்துக்கொண்டு, தண்டையார்பேட்டைக்கு பஸ் ஏறினாள்.

சந்துக்குள் மாடி அறை. வாசலில் பதினாறு பதினேழு வயதுப் பெண் ஒருத்தி கால் நீட்டி உட்கார்ந்து நைட்டிகளுக்குப் பித்தான் தைத்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் இரண்டு பெரிய மூட்டை. மடியருகே ஒரு தகர டப்பா, அதில் ஊசியும் கொக்கியும் பித்தானும். அதன் மூடியில் காம்பஸ் படம் போட்டிருந்தது. ஜாமெட்ரி பாக்ஸ். வினிதா அதையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

ஜீனத் உள்ளேயிருந்து வந்து, வா அக்கா என்று கையைப் பிடித்து உட்கார வைத்தாள். ஒவைஸ் ஸ்கூலுக்குப் போயிருக்கிறான், உடம்பு தேறிவிட்டது என்றாள். ஆஃபியாவுக்கு இன்றைக்கு லீவா என்று கேட்டாள் வினிதா. கேட்கும்போதே பதில் தெரிந்துவிட்டது.

"அவ அந்த வருசமே நின்னுட்டாக்கா. பரீட்ச அன்னிக்குத் தம்பிய வச்சிகினு ஆஸ்பத்திரில கெடந்தா. அப்பாலிக்கா டீச்சரு வூட்டுக்கே வந்து கூப்ட்டாங்க, மறுபடி எய்தலாம்னு. அதுக்குள்ள இது கைப்பழக்கமாயிடுச்சி."

ஜீனத் அழவில்லை. விலைவாசி சொல்வதுபோலச் சொன்னாள். வினிதா வாயைத் திறந்தாள். ஜீனத் கையைக் காட்டி நிறுத்தினாள்.

"தெரியும்க்கா. வெளிய வந்த வாரமே வாய்தாவுக்குப் போனப்ப, ஜாமீன் போட்டவங்களோட வந்த உங்க அண்ணி கோர்ட்லயே சொல்லிட்டாங்க. பொங்கலுக்கே ஆளுங்க ரெடியா இருந்தாங்களாம், நீதான் பரீட்ச முடியட்டும்னியாம். அவங்க வெகுளியா சொன்னாங்க." மகளின் பக்கத்திலிருந்த மூட்டையை நகர்த்தி வைத்துவிட்டு, "உன்ன கட்டிப் புடிச்சிட்டு வந்து ஒரு வாரம் கூட ஆவல அப்ப. கூறு போடறவ கடைசியா எடுக்கணும்னு நீதானே எங்களுக்குச் சொல்லிக் குடுத்தே. மொதல்ல எடுத்துக்கினே," என்றாள்.

வினிதாவுக்கு எழுந்து ஓடிவிட வேண்டும்போல இருந்தது. கையிலிருந்ததைத் தரையில் வைத்தாள். பையிலிருந்த வஞ்சிரத்தின் ஈரம் தரையில் சொட்டியது. அந்த ஈரத்துக்குப் பக்கத்தில் பிளாஸ்டிக் உறையில் மார்க் ஷீட் இருந்தது. ஜீனத் அதைப் பார்த்தாள், எடுத்தாள், புடவைத் தலைப்பால் துடைத்தாள். கோபமாகத் தூக்கி எறிந்திருந்தால் வினிதா பிழைத்துப் போயிருப்பாள். அவள் அதை மகளிடம் நீட்டி, படி என்றாள்.

ஆஃபியா ஊசியைத் துணியில் குத்தி வைத்துவிட்டு வாங்கிக்கொண்டாள். திக்காமல் படித்தாள். தமிழ் எழுபத்தொன்று. ஆங்கிலம் முப்பத்தாறு. கணக்கு முப்பத்தெட்டு என்றதும் நிறுத்தி, தலை நிமிர்ந்தாள். குத்தலாகக் கேட்கவில்லை, பரீட்சை எழுதிவிட்டு வந்த பிள்ளைகள் ஒருவரையொருவர் கேட்பதுபோலத்தான் கேட்டாள்.

"வட்டத்துக்கு தொடுகோடு வரையறது வரலியா ஆண்ட்டி? அது எட்டு மார்க்கு, சுளுவா வாங்கிடலாமே."

"வந்திச்சி," என்றாள் வினிதா. ஏலத்தில் ஆண்களை அடக்கிக் கேட்கிற குரல் பக்கத்தில் இருந்தவர்களுக்கு மட்டும் கேட்டது. "எங்களுக்கு காம்பஸ் குடுக்கல, கண்ணு."

ஆஃபியா தகர டப்பாவுக்குள் கைவிட்டுக் கொக்கிகளை ஒதுக்கினாள். அடியில் காம்பஸ் கிடந்தது, துருவேறாமல், அப்படியே. எடுத்து ஒருமுறை பார்த்துவிட்டுத் திரும்ப உள்ளே போட்டாள்.

"என்னுது சும்மாதான் கெடக்குது," என்றாள். பிறகு அடுத்த நைட்டியை மடியில் இழுத்துப் போட்டுக்கொண்டு ஊசியில் நூல் கோத்தாள்.